கொட்டாத் தேனீயின் பிசின்: வணிகர் அறிய வேண்டியவை



திருமறையின் 16ஆம் அத்தியாயம் தேனீயின் பெயரையே தாங்கியிருப்பதை நாம் அறிவோம். தேனீக்களில் கொட்டாத சிறு இனமும் உண்டு. தமிழகத்தில் அதனைக் கொசுத்தேனீ என்பர். மலாய்க்காரர் கெலுலூட் என்பர். சிங்கப்பூரிலும் மரப்பொந்துகளிலும் சுவர் இடுக்குகளிலும் அது கூடு கட்டுகிறது. அதன் பிசினை, அதாவது புரொப்போலிஸை, மருந்தென்று சொல்லி விற்பவர் உண்டு. அச்சரக்கை வாங்கி விற்க எண்ணும் வணிகர் அதன் உண்மையை அறிந்திருத்தல் நலம்.

மரங்களில் கசியும் பிசினை இத்தேனீ பின்னங்கால்களில் சுமந்து வந்து, தன் மெழுகுடன் கலந்து கூட்டின் வாசற்குழாயையும் தேன் குடங்களையும் அமைக்கிறது. கொட்ட இயலாத பூச்சிக்கு அதுவே கோட்டை. கூட்டில் நுழையும் வண்டை இத்தேனீக்கள் உயிருடனேயே பிசினால் பூசி அடக்கிவிடுவதை ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர்.

மரம் தன் காயத்தைப் பூஞ்சையும் கிருமியும் தாக்காமல் காக்கவே பிசினைச் சுரக்கிறது. அந்தக் குணம் கூட்டிற்கும் வந்து சேர்கிறது. தாய்லாந்தில் ஆராய்ந்த பிசினில், மங்குஸ்தான் மரத்திற்குரிய மங்கோஸ்டின் என்னும் பொருள் காணப்பட்டது. சோதனைக் கூடங்களில் இத்தகைய பிசின், புண்ணில் சீழ் பிடிக்கச் செய்யும் ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமியை நன்கு அடக்குகிறது. ஈ.கோலை போன்ற கிருமிகளுக்கு வெளிச்சவ்வு ஒன்று கூடுதலாக இருப்பதால், அவை அவ்வளவு எளிதில் அடங்குவதில்லை.

ஆயினும் கண்ணாடித் தட்டில் மடிந்த கிருமி மனித உடலிலும் மடியும் என்று சொல்லிவிட முடியாது. மரம் மாறினால் பிசினின் குணமும் மாறும். சிலருக்கு அது தோலில் அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும்.

ஆகவே சரக்கு எடுக்குமுன் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். முதலாவது, எந்த ஊர்ச் சரக்கு, எந்தத் தேனீயினுடையது? மலேசியா 2017இல் வகுத்த கெலுலூட் தர அளவு தேனுக்கு உரியது; அதைக் காட்டிப் பிசினை விற்றால் ஏற்காதீர்கள். இரண்டாவது, எதில் கரைத்தது? பிசின் தண்ணீரில் எளிதில் கரையாது. பெரும்பாலும் எத்தனால் எனும் சாராயத்திலேயே கரைப்பார்கள். ஹலால் சான்றிதழைக் கேட்டு வாங்குதல் நம் கடமை. மூன்றாவது, சீட்டில் என்ன எழுதியிருக்கிறது? துணையுணவாக விற்கும் பொருள் நோயைக் குணப்படுத்தும் என்று கூற சிங்கப்பூர் சுகாதார அறிவியல் ஆணையம் அனுமதிப்பதில்லை.

ஆறாத புண்ணோடு கடைக்கு வருபவரிடம் புட்டியை நீட்டுவதை விட, மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். ஒரு புட்டியின் லாபம் போனாலும் வாடிக்கையாளரின் நம்பிக்கை நிற்கும்.