நெஞ்சுவலி இல்லை, பிறகு எதற்கு எக்கோ?

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. டூஷேன் தசைச் சிதைவு நோய். நெஞ்சுவலி ஒன்றுமில்லை. ஆனாலும் ஆண்டுதோறும் இதய எக்கோ எடுக்கச் சொல்கிறார்கள். தோட்டத்திலிருந்து மலாக்கா டவுனுக்கு அலையத்தான் வேண்டுமா?
– ஒரு தாய், ஜாசின்

பதில்: வேண்டும், அம்மா. கால் தசையில் இல்லாத டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் இதயத் தசையிலும் இல்லை. செல்லின் உட்சட்டகத்தை அதன் சவ்வோடு கட்டிவைப்பது அதுதான். இதயத்தில் இரத்தம் நிரம்பும்போதெல்லாம் செல்கள் நீள்கின்றன; கட்டு இல்லாத சவ்வு நைந்த துணிபோலக் கிழிகிறது. கிழிசல் வழியே கால்சியம் புகுந்தால் செல் தளர முடியாமல் விறைத்து, கடைசியில் மடிகிறது. 2005இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இந்த நோயுள்ள எலிகளின் இதயச் செல்களைத் தனித்தனியே இழுத்துப் பார்த்து இதைக் காட்டினார்கள். மடிந்த செல்களின் இடத்தில் வடுதான் மிஞ்சும். அது சுருங்கி விரியாது.

பையன் ஓடியாடாததால் மூச்சிரைப்புகூட வெளியே தெரியாது. வலி வரட்டும் என்று காத்திருப்பது தவறு. இதயத்தைக் காக்க, பெரிண்டோபிரில் போன்ற மாத்திரையை, எக்கோ நன்றாக இருக்கும்போதே, 10 வயதையொட்டித் தொடங்குவது இன்றைய வழக்கம். டாக்டரிடம் கேளுங்கள்.

இன்னொன்று. இந்த நோய்க்குக் காரணமான மரபணுக் குறையைத் தாயும் சுமக்கலாம். சுமந்தால் அவர் இதயமும் பாதிக்கப்படலாம். அடுத்த முறை போகும்போது உங்களுக்கும் ஓர் எக்கோ எடுக்கச் சொல்லுங்கள்.