கூட்டாறு நடைக்குக் கிளம்புறீங்களா?

உடுமலை தாண்டி மூணாறு சாலையில், ஆனைமலை புலிகள் காப்பகத்துக்குள் சின்னாறு செக்போஸ்ட்டிலிருந்து கூட்டாறு வரை வனத்துறையே மலை நடைக்குக் கூட்டிப்போகிறது. அதற்கென்று கடை கடையாக ஏறி இறங்க வேண்டாம், தோழிகளே! பாதிச் சாமான் நம்ம திருப்பூரிலேயே கிடக்கிறது.

1. காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் பாலியஸ்டர் டி-ஷர்ட்டாகப் பார்த்து எடுங்கள். பஞ்சு பனியன் வீட்டுக்குத்தான் சுகம். மேடு ஏறும்போது வேர்வையைக் குடித்துவிட்டு முதுகோடு ஒட்டிக்கொள்ளும். காக்கி, பாசிப்பச்சை போதும். ஆர்டர் ரத்தாகி வந்த பளபள ஆரஞ்சு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் காட்டுக்கு ஆகாது.

2. அந்தப் பக்கம் மழை மறைவுப் பகுதி, முள்காடு. வெயில் சுள்ளென்று அடிக்கும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீராவது ஸ்டீல் பாட்டிலில் எடுங்கள். பழைய பனியனின் கையை வெட்டி பாட்டிலுக்கு உறையாக மாட்டி நனைத்துவிட்டால், தண்ணீர் சில்லென்றே இருக்கும்.

3. கைப்பிடி பனியன் வேஸ்ட் பையில் கிடக்கட்டும். நனைத்துக் கழுத்தில் போடலாம், செருப்புக்கடி பட்ட இடத்தில் சுற்றலாம்.

4. கடலை மிட்டாயின் பிளாஸ்டிக் உறையை வீட்டிலேயே பிரித்து டப்பாவில் போடுங்கள். புளிச்சோறு வாழையிலையில்.

5. ட்ரெக் தமிழ்நாடு இணையதளத்தில் முன்பதிவு செய்தால், வழிகாட்டிக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டாம். காட்டுத்தீ பயமுள்ள கோடையில் பாதையை மூடுவார்கள். தேதியைப் பார்த்துவிட்டு லீவு சொல்லுங்கள்.

6. சின்னாறும் பாம்பாறும் சேரும் இடத்தைப் பார்த்ததும் கால் நனைக்க ஆசை வரும். இந்த ஆறுகளில் முதலை உண்டு! வழிகாட்டி காட்டும் இடம் தவிர வேறெங்கும் இறங்காதீர்கள்.

7. மழைக்காலத்தில் டாப்சிலிப், வால்பாறைப் பக்கம் போனால் அட்டை தொல்லை. காசு கொடுத்து அட்டை உறை வாங்காமல், நெருக்கமாக நெய்த காடாத் துணியில் முழங்கால் வரை தைத்துக்கொள்ளுங்கள். பின்னல் துணி வேண்டாம், கண்ணி வழியாக அட்டை நுழைந்துவிடும். நம்ம ஊர் சரக்கு தோற்கும் ஒரே இடம் இதுதான்!

8. குழந்தைகளுக்குப் பழக்கம் வேண்டுமா? திருமூர்த்திமலையில் பஞ்சலிங்க அருவி வரை ஏறிப் பார்க்கலாம். கீழே வெயிலடித்தாலும் மேல்மலையில் மேகம் கறுத்தால் திரும்பிவிடுங்கள், வெள்ளம் சொல்லாமல் வரும். தின்பண்டத்தைக் கையில் தூக்கிப் பிடிக்காதீர்கள், குரங்கு விடாது.

9. துணியில் நாயுருவி ஒட்டியிருந்தால் அப்படியே மிஷினில் போடாதீர்கள், மற்ற துணிக்கும் ஏறிவிடும். காய்ந்த பிறகு பழைய சீப்பால் சீவிவிட்டு ஊறப் போடுங்கள்.