தாமரை இலையும் தண்ணீரும்

தாமரை இலைத் தண்ணீர் என்னும் உவமையைக் கேளாத தமிழர் இரார். சென்ற மாதம் விடுதியில் வடநாட்டு நண்பர் ஒருவரிடம் பற்றற்ற வாழ்வைப் பற்றிப் பேசுகையில் அதைப் பெருமையுடன் எடுத்துச் சொன்னேன். “கீதையிலும் அந்த உவமை உண்டு. ஆனால் தண்ணீர் ஏன் ஒட்டுவதில்லை?” என்று கேட்டார் அவர். “இலை வழுவழுப்பானது, அதனால்தான்” என்றேன். விடை தவறு என்பதை நூல்நிலையத்திற்குச் சென்ற பிறகே உணர்ந்தேன்.

தாமரை இலை வழுவழுப்பானதன்று, சொரசொரப்பானது! எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அதன் மேற்புறமெங்கும் சின்னஞ்சிறு மேடுகள் தெரியும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான். அவற்றின்மேல் அவற்றினும் நுண்ணிய மெழுகுக் குழல்கள் படிந்துள்ளன. மெழுகு தண்ணீரை ஏற்காது. பள்ளங்களிலோ காற்று தங்கியிருக்கிறது. ஆகவே நீர்த்துளி மேடுகளின் உச்சியை மட்டும் தொட்டு, முத்தாகத் திரண்டு நிற்கிறது. இலை சற்றுச் சாய்ந்ததும் உருண்டோடுகிறது. தூசியும் அந்த உச்சிகளில்தான் கிடக்கிறது. இலையைவிடத் துளியோடு அதற்குப் பிடிப்பு அதிகம். எனவே உருளும் துளி தூசியையும் வாரிச் செல்கிறது.

இதைக் கண்டு விளக்கியவர் ஜெர்மானியத் தாவர நூலறிஞர் வில்ஹெல்ம் பார்ட்லாட். 1970-களில் அவர் பலவகை இலைகளை அக்கருவியில் ஆராய்ந்தார். வழுவழுப்பான இலைகளை முதலில் கழுவ வேண்டியிருந்தது; சொரசொரப்பான சில இலைகளோ கழுவாமலே சுத்தமாயிருந்தன. இந்த விந்தையை அவர் அலட்சியம் செய்யவில்லை. 1997-இல் கிறிஸ்டோஃப் நைன்ஹூயிஸுடன் சேர்ந்து தம் முடிவுகளை வெளியிட்டார். 1999-இல் ‘லோட்டஸான்’ என்னும் சுவர்ப்பூச்சு விற்பனைக்கு வந்தது. அதைப் பூசிய வெளிச்சுவரின் அழுக்கை மழைத்துளிகளே கொண்டுபோய்விடும்.

ஆயினும் மனிதன் செய்த பூச்சு இலைக்கு ஈடாகாது. தேய்ந்த மெழுகை உயிருள்ள இலை மீண்டும் உண்டாக்கிக்கொள்ளும்; சுவர்ப்பூச்சு தேய்ந்தால் நாம்தான் மறுபடி பூச வேண்டும்.

எங்கள் ஊர்க் குளத்தில் அந்தத் துளிகளை உருட்டி எத்தனையோ நாள் விளையாடியிருக்கிறேன். ஒரு நாளாவது ‘ஏன்’ என்று கேட்டதில்லை. உவமை கையில் இருந்ததால், காரணமும் தெரிந்துவிட்டதாக நினைத்திருந்தேன். நண்பரைத் தேடிச் சென்று என் தவற்றை ஒப்புக்கொண்டேன்; சரியான விடையையும் சொன்னேன். நாம் பழமொழிகளை மறக்க வேண்டாம், தோழர்களே. அவற்றுக்கு அடுத்த கேள்வியையும் கேட்கப் பழகுவோம்.