உப்புக்காற்றும் வாகன ஏசியும்: சில பயனுள்ள குறிப்புகள்

மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரினிலும் மொரிஸ் மைனரிலும் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பயணம் செய்த காலம் போய்விட்டது. இன்று வல்வெட்டித்துறையில் வாடகை வானிலிருந்து ஹைபிரிட் கார் வரை ஏசி இருக்கிறது. ஆனால் கடலுக்கு இவ்வளவு கிட்ட இருக்கும் ஊரில் அந்த ஏசிக்குத் தனிக் கவனம் வேண்டும்.

1. முதலில் அது வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். ஏசி குளிரைச் செய்வதில்லை; உள்ளே இருக்கும் சூட்டை அள்ளி வெளியே விடுகிறது. பெரும்பாலான வாகனங்களில் உள்ள ஆர்-134ஏ என்ற காஸ், சாதாரண காற்றழுத்தத்தில் சுழியத்துக்குக் கீழே 26 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். டாஷ்போட்டுக்குள் இருக்கும் எவாப்பரேற்றரில் அது ஆவியாகும்போது காற்றின் சூட்டை இழுத்துக்கொள்கிறது. கொம்பிரசர் அந்த ஆவியை அழுத்தி, ரேடியேற்றருக்கு முன்னால் நிற்கும் கொண்டென்சருக்குத் தள்ளுகிறது. அங்கே காற்றுப்பட்டுச் சூட்டை விட்டுத் திரும்பவும் திரவமாகிறது. கொண்டென்சர் அடைபட்டால், காஸ் எவ்வளவு இருந்தாலும் குளிராது.

2. எங்கள் ஊர் வாகனங்களில் முதலில் கெடுவதும் இந்தக் கொண்டென்சர்தான். அதன் மெல்லிய அலுமினியத் தகடுகளை உப்பு அரித்துவிடும். எங்கள் கரை வடக்குப் பார்த்தது. வாடைக்காற்றுக் காலத்தில் கடல் தூவானம் கரையோர வீதிக்கே ஏறி வரும். அந்த மாதங்களில் வாரம் ஒருமுறையாவது, இயந்திரம் ஆறிய பிறகு, முன் கிறில் வழியாகத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். தைப்பொங்கல் பட்டத் திருவிழாவுக்குக் கடற்கரையில் வண்டியை நிறுத்தியிருந்தால் அன்றைக்கே கழுவுவது நல்லது. இரண்டு விஷயங்கள் முக்கியம். கரையை அண்டிய கிணறுகள் பலவற்றில் தண்ணீர் உவர். அதால் கழுவுவது உப்பின் மேல் உப்புப் பூசுவதுதான். நல்ல தண்ணீர் எடுங்கள். அடுத்தது, சேவிஸ் நிலையத்து அழுத்தக் குழாயைக் கிட்டப் பிடிக்க விடாதீர்கள். தகடுகள் மடிந்து காற்றுப் போகும் வழி அடைபட்டுவிடும்.

3. “காஸ் முடிஞ்சு போச்சு” என்று கராஜில் சொன்னால், “எங்கே ஒழுகுது?” என்று கேளுங்கள். காஸ் பெற்றோல் போல எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருவது. ஓரிரு வருடத்தில் குளிர் போய்விட்டால் எங்கோ ஓட்டை இருக்கிறது. குழாய்ப் பொருத்துகளில் எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி ஒட்டியிருந்தால் அங்கே சந்தேகப்படலாம். ஓட்டையை அடைக்காமல் காஸ் அடிப்பது காசைக் காற்றில் விடுவது. அந்தக் காஸ் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கக்கூடியது என்பதையும் நினையுங்கள். அடிக்கும் முன் வெற்றிடப் பம்ப் போட்டு உள்ளே உள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்ச வேண்டும். எத்தனை கிராம் என்று பொனற்றின் கீழ் ஒட்டியிருக்கும், கூடினாலும் கெடுதல்தான். எரியக்கூடிய சமையல் காஸை அடிக்க ஒருபோதும் சம்மதிக்காதீர்கள்.

4. பிரியஸ், அக்குவா போன்ற ஹைபிரிட் கார்களின் கொம்பிரசர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுவது. சாதாரண காருக்கு ஊற்றும் எண்ணெய் அதற்கு ஆகாது. மின்காப்புக் கெட்டு, விலை கூடிய கொம்பிரசரை மாற்ற வேண்டி வரும். வேலை தொடங்கும் முன்னே எண்ணெய் வகையைக் கேட்டு உறுதி செய்யுங்கள். பின் சீற்றருகே உள்ள காற்றுத் துளையைப் பையாலோ துணியாலோ மூடாதீர்கள். பெரிய பற்றரி அந்தக் காற்றில்தான் ஆறுகிறது.

5. ரேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல் நிலம். கேத்திலின் அடியில் படியும் வெள்ளைக் காறையைப் பார்த்திருப்பீர்கள். அதுவே ரேடியேற்றரிலும் ஹீற்றரின் நுண்குழாய்களிலும் படிந்து அடைக்கும். கூலன்ற் ஊற்றுங்கள்.

6. “எங்களுக்கு ஹீற்றர் எதற்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவுக்குப் போனால் தெரியும். ஹீற்றர் தனியாக எதையும் எரிப்பதில்லை. இயந்திரத்தின் சுடுதண்ணீரை ஒரு சிறு ரேடியேற்றருக்குள் விட்டு, அதன் மேல் காற்றை ஊதுகிறது. ஆகவே ஏ9 வீதியில் வெப்பநிலை ஊசி சிவப்பை நோக்கி ஏறினால் ஏசியை நிறுத்தி, ஹீற்றரை முழுதாகத் திறந்து, ஓரம் கட்டுங்கள். உள்ளே வேகும், ஆனால் இயந்திரத்தின் சூடு கொஞ்சம் இறங்கும். ரேடியேற்றர் மூடியைச் சூட்டோடு திறக்கக் கூடாது.

7. மழையில் கண்ணாடியின் உட்புறம் பனித்தால் ஏசியைப் போட்டு, வெளிக்காற்றைத் திறந்து, சூட்டைச் சற்றுக் கூட்டுங்கள். ஏசி ஈரத்தைப் பிழிந்துவிடும். வெளிப்புறம் பனித்தால் வைப்பரும் குளிரைக் குறைப்பதும் போதும்.

8. ஏசி ஓடும்போது வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டுவது நல்ல அறிகுறி. சொட்டாமல் முன் சீற்றின் கால்மிதி நனைந்தால் வடிகுழாய் அடைபட்டிருக்கலாம். அந்த ஈரம் இனிப்பு மணத்தோடு பிசுபிசுத்தால் அது கூலன்ற். உடனே கராஜுக்குப் போங்கள்.

9. வேம்பின் கீழ் நிறுத்துபவர்கள் முன் கண்ணாடிக்கு அடியில் சேரும் இலையையும் பூவையும் அள்ளிவிடுங்கள். காற்று உள்ளே போகும் வழி அதுதான். பல யப்பான் கார்களில் கிளவ் பொக்ஸின் பின்னால் காற்று பில்டர் இருக்கும். ஏசி மணத்தால் முதலில் அதைக் கழற்றிப் பாருங்கள்.

10. வெய்யிலில் நின்ற வண்டியில் ஏறியதும் கண்ணாடிகளை இறக்கிச் சிறிது தூரம் ஓடுங்கள். சூடு வெளியேறிய பின் மூடி, உள்காற்றுச் சுழற்சியைப் போட்டால் கெதியாகக் குளிரும். கொழும்புப் பயணம் முழுவதும் அப்படியே விடாதீர்கள். ஆள் நிறைந்த வானில் கரியமில வாயு கூடிச் சாரதிக்குத் தூக்கம் வரும்.

11. மார்கழியிலும் வாரத்தில் பத்து நிமிடம் ஏசி ஓடட்டும். கொம்பிரசரின் எண்ணெய் காஸோடுதான் சுற்றுகிறது. ஓடாவிட்டால் சீல் காய்ந்து ஒழுகும்.

12. மூடிய கொட்டிலுக்குள் இயந்திரத்தை ஓடவிட்டு ஏசியில் தூங்குவது உயிராபத்து. மணமில்லாத காபன் மொனொக்சைட் உள்ளே வந்துவிடும். வெய்யிலில் நிறுத்திப் பூட்டிய காருக்குள் பத்து நிமிடத்தில் ஏறத்தாழ 10 பாகை ஏறும். பெரியவர்களைவிடக் குழந்தையின் உடல் பலமடங்கு விரைவாகச் சூடேறும். கோயிலடியிலோ கடையடியிலோ இரண்டு நிமிட வேலை என்றாலும் பிள்ளையை உள்ளே விட்டுப் போகாதீர்கள், தூக்கிக்கொண்டு போங்கள்.