வீட்டுத் தோட்டத்தில் தூதுவளை

சளி, இருமல் என்றவுடன் பெரம்பலூர், அரியலூர் மாவட்டச் சிற்றூர்களில் வயல் வேலியில் படர்ந்திருக்கும் தூதுவளையைத்தான் தேடுகிறோம். ஆனால் வேலிக் கீரையைப் பறிப்பதில் இரண்டு இடர்கள் உள்ளன.

முதலாவது, செந்தட்டி. காஞ்சொறி எனவும் வழங்கும் இக்கொடி தூதுவளையோடு பின்னிப் படர்வதுண்டு. இதன் சுணைகள் தோலில் குத்தி அரிப்பும் எரிச்சலும் உண்டாக்கும். பட்ட இடத்தைத் தேய்க்காமல் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

இரண்டாவது, பூச்சிமருந்து. பருத்திக்கும், 2018-இல் படைப்புழு தோன்றியபின் மக்காச்சோளத்திற்கும் தெளிக்கும் மருந்தின் சாரல் காற்றில் வேலிக்கும் பரவும். கழுவினாலும் அது முழுவதும் போகாது. குழந்தையின் இருமலுக்கு அக்கீரையைக் கொடுப்பது நன்றன்று. எனவே, இரண்டு செடிகளை வீட்டிலேயே வளருங்கள்.

நடும் முறை

நன்கு சிவந்த பழங்களிலிருந்து விதை எடுத்து, கழுவி, நிழலில் உலர்த்தி விதைக்கலாம். முற்றிய தண்டை ஒரு சாண் நீளத்திற்கு வெட்டி, இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் இருக்குமாறும் நடலாம். ஒரு அடி ஆழக் குழியில் மேல்மண்ணும் மக்கிய தொழுஉரமும் கலந்து நிரப்புங்கள். கரிசல் மண்ணில் மழைநீர் தேங்குமாதலால் மேட்டுப்பாத்தியில் நடுவதே நல்லது.

பராமரிப்பு

குழந்தைகள் நடமாடும் வழியை விட்டு, ஓர் ஓரத்தில் பந்தலோ குச்சியோ கட்டிப் படரவிடுங்கள். இதன் முட்கள் வளைந்தவை, துணியைப் பற்றிக்கொள்ளும். தூதுவளை கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்தது. கத்தரி இலையை அரிக்கும் புள்ளி வண்டு இதையும் தாக்கும். இலையின் அடியிலுள்ள மஞ்சள் நிற முட்டைக் குவியல்களையும் புழுக்களையும் கையால் பொறுக்கி அழித்தாலே போதும். மருந்து தெளிக்க வேண்டாம்.

பயன்படுத்தும் முறை

இலையின் நரம்பிலும் முள் உண்டு. அதைக் கிள்ளி நீக்கி, நெய்யில் வதக்கித் துவையல் அரைக்கலாம். மிளகு, சீரகம் சேர்த்து ரசம் வைக்கலாம். தோசை மாவிலும் அரைத்துச் சேர்க்கலாம்.

ஒன்றை மறவாதீர். தூதுவளை உணவு, எல்லா இருமலுக்கும் அது மருந்தாகிவிடாது. இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தால் காசநோயாகவும் இருக்கலாம். கீரையை நம்பி நாள் கடத்தாமல், ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

வரும் மழைக்காலத்திலேயே இரண்டு குச்சிகளை நட்டு, நஞ்சில்லாக் கீரையை வீட்டிலேயே பறித்துப் பயன்பெறுவீர்!