பச்சைப் பயிரிலிருந்தும் ஓர் இலை

அன்புள்ள தம்பிக்கு,

உலக நுண்ணோக்கி மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்பப்போவதாக எழுதியிருந்தாய். தாராளமாக அனுப்பு.

1931இல் பெர்லினில் ருஸ்காவும் நோலும் எலெக்ட்ரான் நுண்ணோக்கிக்கு முதல் உருவம் கொடுத்தார்கள். போருக்குப் பிறகு 1949இல் டெல்ஃப்ட், 1950இல் பாரிஸ், 1954இல் லண்டன் என்று மாநாடுகள் கூடின. இந்த மாநாடுகளை நடத்தும் எலெக்ட்ரான் நுண்ணோக்கிச் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பு உருவானதும் அந்தக் காலத்தை ஒட்டித்தான். அதில் நாட்டுச் சங்கங்கள்தான் உறுப்பினர்கள். ஆகவே, உன் ஊர் என்ன பார்த்தது என்பதுதான் அங்கே உனக்கு மூலதனம்.

நீரஜ்நாத் தாஸ்குப்தாவை நினைத்துக்கொள். 1940களில் கல்கத்தாவிலேயே ஓர் எலெக்ட்ரான் நுண்ணோக்கியைக் கட்டியவர். பின்னாளில் அவர் குழு ஆராய்ந்தவற்றில் காலா அசார் ஒட்டுண்ணியும் ஒன்று. வங்காளத்தை வாட்டிய நோய் அது.

அதுபோல நம் டெல்டாவுக்கு துங்ரோ என்ற நெல் நோய் இருக்கிறது. வயலில் ஒரு திட்டு மட்டும் ஆரஞ்சு மஞ்சளாகிக் குட்டையாக நின்றால், உரக்கடையில் ஜிங்க் சல்பேட்டைக் கையில் கொடுத்துவிடுவார்கள். எலெக்ட்ரான் நுண்ணோக்கி காட்டியதோ ஒரே பயிருக்குள் இரண்டு வைரஸ்கள்: சுமார் 130 நானோமீட்டர் நீளக் குச்சி ஒன்று, 30 நானோமீட்டர் உருண்டை ஒன்று. பயிரைக் கெடுப்பது பெரும்பாலும் குச்சிதான். ஆனால் உருண்டையின் துணையில்லாமல் பச்சைத் தத்துப்பூச்சியால் அதைச் சுமந்துபோக முடியாது. உருண்டை தனியே இருந்தாலோ, இலையில் அநேகமாக ஒன்றும் தெரியாது. பிழைக்கத் தெரிந்த கூட்டணி!

அதனால் மஞ்சள் இலையை மட்டும் பறித்துக்கொண்டு ஓடிவராதே. பக்கத்தில் பச்சையாக நிற்கும் பயிரிலிருந்தும், வரப்புக்கு அப்பாலிருந்தும் இலை எடு. உருண்டை வைரஸ் சாறு கடத்தும் திசுவோடு நின்றுவிடும். அதனால் இலையை நசுக்கி, மாதிரி தாங்கும் கிரிட்டில் வைத்ததும் கண்ணில் படவில்லை என்றால், இல்லை என்று எழுதிவிடாதே.

எல்லாவற்றுக்கும் பெரிய கருவியும் வேண்டாம். 1919இல் தஞ்சை டெல்டாவைச் சூறையாடிய நெல் குலைநோய்ப் பூஞ்சையின் வித்து சுமார் 20 மைக்ரான். பேரிக்காய் வடிவம், நடுவே இரண்டு தடுப்பு. கல்லூரி நுண்ணோக்கியே போதும். அந்தக் கூட்டமைப்புகூடப் பின்னாளில் தன் பெயரிலிருந்து ‘எலெக்ட்ரான்’ என்பதை எடுத்துவிட்டு எல்லா நுண்ணோக்கிக்கும் இடம் கொடுத்தது.

படத்தில் அளவுக்கோடு போடு. கீழே நெல் ரகம், நட்டு எத்தனை நாள், எந்த வாய்க்கால் பாசனம் என்று எழுது. மாநாட்டில் யாரும் வாய்க்கால் பெயரைக் கேட்கமாட்டார்கள். அடுத்த பருவத்தில் அதே வயலைத் தேடிப் போகும்போது உனக்கே வேண்டும்.

அன்புடன்,
உன் அண்ணன்