குதிரையின் குடலும் கொள்ளும்

ஓசூரை அடுத்த மத்திகிரியில் இன்று கால்நடைப் பண்ணையாய் விளங்கும் இடம், 1824-ஆம் ஆண்டில் கும்பினியாரின் படைக்குக் குதிரைகளைப் பேணும் பொருட்டு ஏற்பட்டதாகும். அவ்வூரில் ஜட்கா ஓட்டிய என் முப்பாட்டனார், மறுநாள் நெடும்பயணம் என்றெண்ணி, ஓரிரவு தம் குதிரைக்கு இருமடங்கு கொள்ளு வைத்தனராம். விடியுமுன் அது சூலை கண்டு மாண்டது. அன்பினாலன்றோ வைத்தார்!

குதிரையின் இரைப்பை மிகச் சிறிது. 8 முதல் 15 லிட்டரே கொள்ளும். அசைபோடவும் வாந்தியெடுக்கவும் அதற்கு இயலாது. புல்லின் நாரைச் செரிப்பிக்கும் தொழில், பின்னேயுள்ள குருட்டுக்குடலிலும் பெருங்குடலிலும் நுண்ணுயிர்களால் நடைபெறுகின்றது. ஆதலின், நாளெல்லாம் சிறுகச் சிறுக மேய்தலே அதற்கு இயற்கை. தானியத்தை ஒருங்கே மிகுதியாக இட்டால், சிறுகுடலிற் செரியாத மாவுப்பொருள் பெருங்குடலை அடைந்து புளிக்கும்; நுண்ணுயிர் மடியும்; சூலை வரும்; குளம்பினுள் அழற்சியும் தொடரும்.

கொள்ளு தீயதன்று. ஆங்கிலேயர் அதற்கு இட்ட பெயரே குதிரைப்பயறு என்பது. பச்சைக் கொள்ளில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருளுண்டு. வேகவைத்தால் அது பெரிதும் ஒழியும். வேகவைத்து இட்ட பழைய குதிரைக்காரர் இதனை எந்நூலிலும் கற்றாரல்லர்.

இதனை முறையாகக் கற்க விழைவோர், 1903-இல் தோன்றிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியிற் பயின்று, விலங்கு ஊட்டவியலில் ஆராய்ச்சிப் பட்டமும் பெறலாம். அவ்வாராய்ச்சியின் அடிப்படை எளிது: தீனியை நிறுத்து இடுவர், இலத்தியையும் நிறுத்து, இரண்டிலுமுள்ள சத்தை அளப்பர், குறைந்தது எவ்வளவோ அவ்வளவு செரித்தது. இலக்கியம் பயிலும் எனக்கு முன்னர் இஃது அருவருப்பாயிருந்தது. அக்குதிரையின் கதையைக் கேட்டபின் அவ்வாறில்லை.